சிவப்புப் பெட்டி

மீன் பிரிக்கும் கொட்டகையில் மூன்று நிறத்தில் பெட்டிகள் உண்டு. சிவப்பு, நீலம், கறுப்பு. சிவப்பில் விழுவது குளிரூட்டிய லாரியில் தூரத்து நகரங்களுக்குப் போகும். நீலம் பக்கத்துச் சந்தைக்கு. கறுப்பில் விழுவதை யாரும் மீன் என்றே சொல்வதில்லை. அது தூள் ஆலையின் சரக்கு. ஆலைக்காரர்கள் அதை மண்வெட்டியால் அள்ளிக்கொண்டு போய், வேகவைத்து, காயவைத்து, அரைத்துக் கோழிப்பண்ணைகளுக்கு அனுப்புவார்கள். எந்த மீன் எந்தப் பெட்டிக்கு என்று எங்கேயும் எழுதி ஒட்டியிருக்காது. ஒட்டினாலும் அந்த ஈரத்தில் நிற்காது, நின்றாலும் படிக்க யாருக்கும் நேரம் கிடையாது. பிரிக்கிறவளின் கைதான் அங்கே சட்டம். மீனைத் தொட்ட கை நின்று யோசித்தால் அவள் அந்த வேலைக்கு லாயக்கில்லை.

டிரைவர் பெண்டாட்டியின் கை ஒரு காலத்தில் நின்றதே இல்லை. இரண்டு கையாலும் இரண்டு பெட்டிக்கு மீன் எறிவாள். வாய் தன்பாட்டுக்குப் பக்கத்தில் இருப்பவளை வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கும். மேஸ்திரி எல்லாருடைய பெட்டியையும் கிளறிப் பார்ப்பார், அவளுடையதை மட்டும் பார்க்கமாட்டார். டிரைவர் என்றால் பஸ் ஓட்டுகிறவர் இல்லை. அவள் புருஷன், சொந்தப் படகை ஓட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறவர்.

படகுக்குப் புது இன்ஜின் வேண்டியிருந்த காலத்தில் அவள் கொட்டகையை விட்டுக் கடல் தாண்டி வீட்டு வேலைக்குப் போனாள். அப்போது மகளுக்குப் பால்பல் விழத் தொடங்கியிருந்தது. திரும்பி வந்தபோது மகளுக்கு ஓட்டுப் போடுகிற வயசு. நடுவில் இருந்த காலம் முழுக்க, எழுந்து நடக்க முடியாத ஒரு கிழவியைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, புரட்டிப் படுக்கவைப்பதிலேயே போய்விட்டது. கொட்டகையில் இப்போது அவளுக்கு 'வெளிநாடு' என்று பெயர். பெருமையில் பாதி, கேலியில் பாதி.

அவள் அங்கே இருந்தவரை, படகு கரைக்கு வந்த நாளெல்லாம் டிரைவர் சாயங்காலம் போன் பண்ணினார். சாப்பிட்டியா, தூங்கினியா என்றெல்லாம் கேட்கத் தெரியாத மனுஷன். "இன்னிக்கு நாலு சிவப்பு" என்பார். சில நாள் மூணு, சில நாள் அஞ்சு. அவ்வளவுதான் பேச்சு. அவளுக்கும் அது போதுமாக இருந்தது. கிழவியின் துணிகளை மடித்துக்கொண்டே அந்த நாலு பெட்டிகளையும் கண்ணெதிரில் கொண்டுவந்துவிடுவாள். வாயைப் பிளந்து கிடக்கும் கலவா. பெட்டிக்குள் அடங்காமல் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வஞ்சிரம். நீள மீனின் வாலை மடக்கித் திணிக்கக்கூடாது, சதை உடைந்துவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

போன மாதம் ஒரு நாள் டிரைவர் வழக்கமான கணக்கோடு இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசினார். "சிவப்பு குறையாமத்தான் வருது. போதும், வந்துடு. சின்னதைப் பார்த்துக்க வீட்டுல ஒருத்தர் வேணும்."

சின்னது என்பது மகள்.

வந்து இறங்கியவளை மகள் "வாங்க" என்றாள். அப்பாவை நீ, வா, போ என்று பேசுகிறவள் அம்மாவை நீங்க, வாங்க என்றாள். மரியாதையில் வந்த பேச்சில்லை. பழக்கம் இல்லாததில் வந்தது. அம்மாவுக்கு அது சுருக்கென்றது. ஆளும் பெயருக்கேற்ற மாதிரி சின்னதாகவே இருந்தாள். அம்மாவின் தோளுக்குக்கூட எட்டவில்லை. ஆனால் அரிசி எவ்வளவு இருக்கிறது, காஸ் எப்போது தீரும், அப்பாவின் முதுகுவலிக்கு எந்தத் தைலம் என்பதெல்லாம் அவள் கைக்குள் இருந்தது. படிப்பை எப்போதோ நிறுத்திவிட்டாள். அம்மா உட்கார்ந்த அதே பலகையில் உட்கார்ந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு நாள் வீட்டுக்காரி சொந்த வீட்டில் உப்பு டப்பாவைத் தேடினாள். மகள் எட்டி எடுத்துக் கொடுத்தாள்.

"நாளைக்கு அப்பா படகு கரைக்கு வருது. என் இடத்துல நீங்க போய் உக்காருங்க," என்றாள் மகள். "உங்க கையப் பத்தி இன்னும் பேசிட்டுத்தான் இருக்காங்க. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்."

மகள் அவளுக்கென்று கொடுத்த முதல் பொருள் அந்த ஒரு நாள் வேலைதான். அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் வானம் மூடிக்கொண்டு கிடந்தது. இலை அசையவில்லை. கொட்டகைக்குள் புழுக்கமும் ஐஸ் குளிரும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாக நின்றன. மகளின் ரப்பர் பூட்ஸ் அவளுக்குப் போதவில்லை. வெறுங்காலோடு உட்கார்ந்தாள்.

ஐஸ் உடைக்கும் மிஷினிடம் நின்றிருந்த ஐஸ்காரக்கா அங்கிருந்தே கத்தினாள். "வாடி வெளிநாடு! ஏசில இருந்துட்டு வந்திருக்க, நாத்தம் தாங்குவியா?"

"உன் பக்கத்துலயே அத்தனை வருஷம் உக்காந்திருந்தேன். அதைவிடவா?"

கொட்டகையே சிரித்தது. மேஸ்திரியும் சிரித்தார். "பழைய கை வந்தாச்சு, இனி எனக்கென்ன வேலை. டீ குடிச்சிட்டு வரேன்," என்று கிளம்பிப் போனார்.

டிரைவரின் படகிலிருந்து கூடை கூடையாகக் கொண்டுவந்து கல்மேடையில் கொட்டினார்கள். அவள் குனிந்து பார்த்தாள். விரல் நீளம். மிஞ்சினால் உள்ளங்கை நீளம். நடுவில் தோல் தடித்த கிளாத்தி. அந்தக் காலத்தில் வலையில் மாட்டினால் திட்டிக்கொண்டே கடலில் திரும்ப எறிவார்கள், கரைக்குக் கொண்டுவந்து இடத்தை அடைக்கமாட்டார்கள். பாவம், இத்தனை நாள் கடலில் கிடந்த மனுஷனுக்கு, பெண்டாட்டி வந்து உட்கார்ந்த நாளாகப் பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லையே என்று நினைத்தாள். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

வாசலில் தூள் ஆலை லாரி இன்ஜினை அணைக்காமல் நின்றிருந்தது. பொடி மீன் சீக்கிரம் நைந்துபோகும். இந்த லாரியைத் தவறவிட்டால் அதற்கும் ஆகாது. அவள் கையைப் பறக்கவிட்டாள். கறுப்பு, கறுப்பு, கறுப்பு. கொஞ்சம் கணவாய் மட்டும் நீலத்தில். காலியாக இருந்த சிவப்புப் பெட்டிகள் இடைஞ்சலாக இருந்தன. காலாலேயே ஓரமாகத் தள்ளினாள். பழைய வேகம் அப்படியே இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவள் தன் பெட்டியிலிருந்து தலை நிமிராமலே சொன்னாள். லாரி ஆட்கள் பெட்டிகளைத் தூக்கிக் குவியலில் கவிழ்த்து, மண்வெட்டியால் சமன் செய்துகொண்டு போனார்கள்.

மேஸ்திரி திரும்பி வந்தபோது அவள் மேடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சிவப்பு எங்கம்மா?"

"இன்னிக்குச் சிவப்பு ஏதுங்க. ஒண்ணுகூட இல்ல. பாவம்."

"இல்லியா?" மேஸ்திரி படகைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டிரைவரே, நாலு சிவப்பு வரும்னு சொன்னீங்களே?"

டிரைவர் இறங்கி வந்தார். ஈர மேடையைப் பார்த்தார். ஓரத்தில் கிடந்த சிவப்புப் பெட்டிகளைப் பார்த்தார். லாரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"எல்லாத்தையும் எதுல போட்ட?"

"கறுப்புலதான்."

அவர் கத்தவில்லை. யாருமே கத்தவில்லை. கத்தியிருந்தால் அழுதாவது இருப்பாள். படகு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து மேடையைப் பார்த்தார்கள். சிவப்பு விற்ற பணத்தில்தான் அவர்கள் பங்கு. அவர்களில் ஒருவன் அவளுடைய சொந்தத் தம்பி. "என்னக்கா" என்றான். ஐஸ்காரக்கா மிஷினை நிறுத்தினாள்.

"கோழிங்க கொடுத்து வெச்சதுங்க," என்றார் மேஸ்திரி. சிரிப்பு வரவழைக்கத்தான் சொன்னார். அவருக்கே வரவில்லை.

மத்தியானம் மகள் சோறும் பொரித்த முட்டையும் வைத்தாள். கொட்டகையில் நடந்தது அவள் காதுக்கு அதற்குள் வந்திருந்தது.

"மீன் இல்லையா வீட்டுல?" என்று அம்மா கேட்டாள், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"மீனைக் கோழி சாப்பிடுது. கோழி போடுற முட்டைய நாம சாப்பிடுறோம்," என்றாள் மகள். கிண்டல் இல்லை, விவரம் சொல்கிற குரல்தான். தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி கடகடவென்று ஓடியது.

"போன்ல நாலு சிவப்பு, அஞ்சு சிவப்புன்னு சொல்வீங்களே," என்றாள் அவள்.

"ஆமா."

"அதெல்லாம் சும்மாவா?"

"நாலுன்னா நாலுதான். ஒரு நாள்கூடக் கூட்டிச் சொன்னதில்ல."

"அதுல என்ன இருந்துச்சு?"

டிரைவர் சோற்றைப் பிசைந்தார். "இன்னிக்கு நீ கறுப்புல போட்டியே, அதுதான்."

அவள் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. நெஞ்சுக்குள் எதுவோ நடக்க வேண்டும் என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மரத்துப்போன காலை ஊன்றியது போல இருந்தது.

அத்தனை வருஷம் போனில் பேசாததை டிரைவர் அப்போது பேசினார்.

"ஒரே நாள்ல இப்படி ஆயிருந்தா நானே சொல்லியிருப்பேன். மொதல்ல கலவா வரலை. அடுத்த வாரம் வரும்னு இருந்தோம். வஞ்சிரமும் நின்னு போச்சு. ஆனா அந்த நேரம் பார்த்து சங்கரா கொட்டு கொட்டுனு கொட்டிச்சு. அதைத் திங்கிற பெரிய மீனத்தான் நாங்க தூக்கிட்டோமே, அதுக்கென்ன பயம்? பெருகிடுச்சு. நாங்க ராஜா மாதிரி திரிஞ்சோம். கடல் திரும்பிடுச்சுன்னு நெனச்சோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அதையும் புடிச்சோம். அது வருஷா வருஷம் சின்னதாயிட்டே வந்துச்சு. நாங்களும் வலைக்கண்ணைச் சின்னதாக்கிட்டே வந்தோம். இப்ப அந்தக் கண்ணுல உன் சுண்டுவிரல் நுழையாது. அப்புறம் கொஞ்ச நாள் கணவாயா வந்துச்சு. அப்புறம் இந்தக் கிளாத்தி. நடுவுல ஜெல்லி மாதிரி சொறிமீன் வந்து, எலும்பும் இல்லாம சதையும் இல்லாம, வலையப் பூரா கொழகொழன்னு அடைச்சுது. எது வந்தாலும் சிவப்பைக் காலியா விட முடியாது. சிவப்பு இல்லன்னா தூரத்து லாரி இந்தக் கொட்டகைப் பக்கமே வராது. அதனால, இருக்கறதுல எது பெருசோ அது சிவப்பு. மேஸ்திரிக்கும் அதான், எனக்கும் அதான். சின்னதுக்கு அதுதவிர வேற தெரியவே தெரியாது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

"சொல்றதுக்கு எனக்குத் தெரிஞ்சிருக்கணுமே." அவர் தட்டைத் தள்ளிவைத்தார். "நீ ஒதுக்கிப் போட்ட காலிப் பெட்டிங்களைப் பார்த்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

சாயங்காலம் தம்பி வந்து வாசலிலேயே நின்றான். செருப்பைக் கழற்றவில்லை.

"அக்கா, நானும் பசங்களும் பெரிய படகுக்குப் போறோம். உன் மேல கோவமில்ல."

"உள்ள வந்து சாப்பிட்டுப் போடா."

"வேணாங்கா. மாமாகிட்ட நீயே சொல்லிடு."

மாமா உள்ளேதான் இருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவன் போனபிறகு எழுந்து விளக்கைப் போட்டார்.

ஆள் இல்லாமல் படகு கிளம்பாது. டிரைவர் தினமும் காலையில் போய், அழுக்கே இல்லாத தளத்தைக் கழுவிவிட்டு வந்தார். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார். மகள் ஒருத்தியின் கொட்டகை வேலையில் மூன்று வயிறு நிறையாது. இதற்கிடையில் கடல் தாண்டி இருந்த வீட்டம்மா அவளுக்குப் போன் மேல் போன் போட்டாள். புதிதாக வந்தவளுக்குக் கிழவியைத் தூக்கத் தெரியவில்லையாம். முதுகெல்லாம் புண்ணாகிவிட்டதாம். திரும்ப வருகிறாயா, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல் என்றாள். அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. இருக்கிற ஒரே அறையில் பேசிய போன்தான், சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இந்த முறை போய்விட்டால் மகளை இனி மகளாகப் பார்க்கவே முடியாது என்று அவளுக்குப் பயமாக இருந்தது. போகாவிட்டால் சோற்றுக்கு வழியில்லை.

மகள் அவளைத் திரும்பவும் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பலகையில் மகள் உட்கார்ந்தாள். பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அம்மா.

"பாத்துட்டே இருங்க. வந்துடும்," என்றாள் மகள்.

மகளின் கை அவள் கைதான். அதே வேகம், மணிக்கட்டை அதே மாதிரி சுண்டி எறிவது. உள்ளங்கை நீளத்துச் சங்கரா ஒன்று சிவப்பில் போய் விழுந்தது. அம்மாவின் கை தன்னையறியாமல் நீண்டு அதை வெளியே எடுத்தது.

"இது குட்டிம்மா. இதைப் போயி…"

"குட்டி இல்லங்க." மகள் அதை வாங்கி வயிற்றைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினாள். மஞ்சளாக முட்டை பிதுங்கிக்கொண்டு வந்தது. "பாத்தீங்களா? தாய் மீன்."

அம்மா அந்த மீனை உற்றுப் பார்த்தாள். "இவ்வளவுதானே இருக்கு. வளரவே இல்லையே."

"இப்பல்லாம் இந்த அளவுலயே முட்டை வெச்சிடும்."

"வளந்து பெருசாகி வெச்சா என்ன அதுக்கு?"

"அதுவரைக்கும் அதை யாரு விட்டு வெக்கிறா?" என்று சொல்லிவிட்டு மகள் அடுத்த மீனை எடுத்தாள். விரலில் ஒட்டிய முட்டையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். குரலில் வருத்தமோ குற்ற உணர்வோ எதுவும் இல்லை.

ஐஸ்காரக்கா ஐஸ் கொட்ட வந்தவள் கேட்டுக்கொண்டே நின்றாள். "உனக்கு ரெண்டு நாள் கண்ணு உறுத்தும்டி. அப்புறம் சரியாயிடும். எங்களுக்கும் அப்படித்தான்."

"உங்களுக்கும் உறுத்துச்சா?"

ஐஸ்காரக்கா யோசித்தாள். "ஞாபகமில்ல," என்றாள்.

வாரக் கடைசியில் மகள் எழுந்துகொண்டு அம்மாவைப் பலகையில் உட்காரவைத்தாள். அம்மாவின் கை முதலில் இடறியது. ஒவ்வொரு மீனுக்கும் கறுப்பை நோக்கிப் போய், பாதியில் திரும்பி, சிவப்புக்கு வந்தது. அப்புறம் பாதி வழிக்குப் போகாமலேயே திரும்பியது. அப்புறம் திரும்ப வேண்டியும் இருக்கவில்லை. கிளாத்தி சிவப்பு. உள்ளங்கைச் சங்கரா சிவப்பு. மேஸ்திரி வந்து அவள் பெட்டியைக் கிளறினார். இதுவரை கிளறிப் பார்க்காத பெட்டி. ஒரு மீனைக்கூட அவர் மாற்றிப் போடவில்லை. "கை வந்துடுச்சு," என்றார். அவளுக்கு அதில் சந்தோஷமும் இல்லை, வெட்கமும் இல்லை. மேடையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டம்மாவின் போன் வந்தது. டிரைவர் கட்டிலில் உட்கார்ந்து கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மகள் தரையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வரியா, இல்லியா?" என்றாள் வீட்டம்மா. "உன்னால முடியலன்னா நம்பிக்கையான ஆளா யாரையாவது அனுப்பு. எனக்கு இன்னிக்குத் தெரியணும்."

அவள் பதில் சொல்வதற்கு முன்னால் மகள் தலை நிமிராமல் சொன்னாள். "நான் போறேன்னு சொல்லுங்க."

அம்மா போனைக் கையால் பொத்தினாள். "நீ எதுக்குடி? நான் போறேன்."

"நீங்க இப்பத்தானே வந்தீங்க. உங்க இடுப்பும் சரியில்ல, ராத்திரி முனகுறீங்க. அப்பாவும் தனியாக் கிடந்து பழகிப்போனா அப்புறம் பேசவே மாட்டாரு. கொட்டகை வேலை உங்களுக்கு வந்துடுச்சு." மகள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. எனக்கு உங்களைப் போன்லயே பழகிடுச்சு."

குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. உண்மை அதுதான் என்பதால் சொன்னாள்.

அம்மா புருஷனைப் பார்த்தாள். சின்னதைப் பார்த்துக்க ஒருத்தர் வேணும் என்று சொல்லித்தான் அவளை வரவழைத்தார். இப்போது அவர் ஒரு வார்த்தை, வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நகவெட்டியை மூடி, திறந்து, மூடினார்.

"ஹலோ? இருக்கியா?"

"இருக்கேம்மா. எம் பொண்ணை அனுப்பறேன்."

"பொண்ணா? சின்னப் பொண்ணு இல்லியே? எங்கம்மா கனம் உனக்குத் தெரியும். தூக்கிப் புரட்டணும், ராத்திரில எந்திரிக்கணும். வளந்த ஆளா வேணும் எனக்கு."

அவள் மகளைப் பார்த்தாள். குச்சியாக இரண்டு மணிக்கட்டு. தரையில் உட்கார்ந்திருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும். வெங்காயத்துக்குக் கண்ணில் நீர் வழிய, புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா யோசித்து நிற்கவில்லை.

"வளந்த பொண்ணுதாம்மா," என்றாள்.

மகள் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளிப் போட்டுவிட்டு, முக்காலி போட்டு ஏறி அலமாரியின் மேலிருந்து அம்மாவின் பையை இறக்கினாள். தூசி இருக்குமே என்று வாசலில் கொண்டுபோய் இரண்டு தட்டுத் தட்டினாள். தூசி படிகிற அளவுக்கு அது மேலே ஏறி இன்னும் நாளாகவில்லை.